ஆண்களின் சிறுநீர்த் தொந்தரவுகள்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் கூட்டம் இருந்தால் சில ஆண்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பெண்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகு அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, “நீர்க்கடுப்புக்கு ஏதாவது மாத்திரை கொடுங்கள்” என்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால் மாதக்கணக்கில் சொல்வார்கள். வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. அப்படி வந்தவர்கள் கேட்டவற்றையும், அவர்களுக்காக மனைவியோ மகனோ வந்து கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. என்ன நோய் என்று கண்டுபிடிப்பது மருத்துவரின் பொறுப்பு. எதற்கு அந்த நிமிடமே ஓட வேண்டும், எதற்கு இந்த வாரத்துக்குள் போனால் போதும், எதற்குப் பயமே வேண்டாம் என்பதைத்தான் இங்கே பிரித்துச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போவது சரி? நான் பத்து முறை போகிறேன்.

பகலில் ஏழெட்டு முறை வரை போவது இயல்புதான். இரவில் ஒரு முறை எழுந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான்கு டீயும் மூன்று லிட்டர் தண்ணீரும் குடிப்பவர் பத்து முறை போகத்தான் செய்வார். வெயிலில் கொத்து வேலை பார்ப்பவர் நான்கு முறைகூடப் போகமாட்டார்; அவருடைய சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அவர்தான் கவனிக்க வேண்டியவர். உங்கள் பழைய வழக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று நாள் கணக்கு எழுதினால் விஷயம் தெளிவாகிவிடும். பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்றில் நூறு நூறு மில்லியாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் பேனாவால் கோடு போடுங்கள். அதைக் கழிப்பறையிலேயே வைத்துவிடுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு வந்தது, அடக்க முடியாமல் ஓடினீர்களா, இடையில் என்ன குடித்தீர்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும். சிறுநீர்ப்பை ஏறத்தாழ 300 முதல் 500 மில்லி வரை கொள்ளும். ஒவ்வொரு முறையும் 80, 100 என்றே வந்தால் பை முழுதாக நிரம்பவில்லை, அல்லது முழுதாகக் காலியாகவில்லை. அடிக்கடி போயும் ஒவ்வொரு முறையும் 400 வந்தால் உடலில் சிறுநீர் அதிகமாக உற்பத்தியாகிறது. முதலில் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வெட்கத்தில் வாய் வராதவர்களுக்கும் அது உதவும்.

இரவில் நாலைந்து முறை எழுந்திருக்கிறேன். வயதானால் எல்லோருக்கும் இப்படித்தானே?

வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவதால்தான் பலர் வருடக்கணக்கில் தூக்கத்தை இழக்கிறார்கள். மேலே சொன்ன குவளைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். இரவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை வந்தால் புராஸ்டேட்டோ சிறுநீர்ப்பையோ காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் நிறைய வந்தால், அதாவது ஒரு நாளின் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே போனால், காரணம் வேறு இடத்தில் இருக்கும்: சர்க்கரை, பகல் முழுதும் காலில் தேங்கும் நீர், இதயப் பலவீனம், குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு வரும் தூக்கக் கோளாறு.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாலையில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் நடப்பவர்களைப் பார்க்கிறேன். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது சிறுநீர்த் தொந்தரவைவிடப் பெரிய துன்பம்.

புராஸ்டேட் என்பது என்ன? அது எல்லா ஆண்களுக்கும் வீங்குமா?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவில், சுமார் 20 கிராம் இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் மெல்ல வளரத் தொடங்குகிறது. அறுபது வயதுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி இருக்கும். ஆனால் எல்லோருக்கும் தொந்தரவு வராது. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

சுரப்பி நடுவில் போகும் குழாயை அழுத்தும்போது சிறுநீர் உடனே வராது, வேகம் குறையும், விட்டுவிட்டு வரும், முக்க வேண்டியிருக்கும், போன பிறகும் மீதம் இருப்பதுபோலத் தோன்றும். மருத்துவர் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லலாம். 7 வரை என்றால் லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது. அதோடு, சிறுநீரின் வேகத்தை அளக்கும் கருவியில் கழிக்கச் சொல்வார்கள். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வந்தால் பொதுவாக நல்லது. 10க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கலாம். போன பிறகு பையில் எவ்வளவு மீதம் என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். இவை எதிலும் வலி கிடையாது.

முப்பது வயதுக்காரருக்குச் சிறுநீர் நூலாக வந்தால் புராஸ்டேட்டைச் சந்தேகிக்க மாட்டார்கள். பழைய அடி, சிறுநீர் வடிய முன்பு போட்ட டியூப், முன்பு வந்த பால்வினை நோய் ஆகியவற்றால் குழாயில் தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம். அதற்கு மாத்திரை உதவாது. சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

போய் முடித்து வந்த பிறகும் சொட்டுச் சொட்டாக வேட்டியில் படுகிறது. தொழுகைக்கோ கோயிலுக்கோ போகவே தயக்கமாக இருக்கிறது.

இது மிகவும் சாதாரணம். சிறுநீர்க் குழாய் விரைப்பைக்குப் பின்னால் வளையும் இடத்தில் கொஞ்சம் நீர் தங்கிவிடுகிறது. நடக்கும்போது அது வெளியே வருகிறது. போய் முடித்த பிறகு சில நொடிகள் பொறுங்கள். விரைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால் உள்ள இடத்தில் இரண்டு விரல்களை வைத்து, மெல்ல அழுத்தியபடி முன்னோக்கித் தடவுங்கள். தங்கிய நீர் அங்கேயே வெளியேறிவிடும். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பலருக்கு இதுவே போதுமாக இருக்கிறது.

சிறுநீர் எரிகிறது. உடம்புச் சூடுதான் என்று இளநீரும் வெந்தயமும் சாப்பிடுகிறேன். போதுமா?

கோடையில் தண்ணீர் குறைவாகக் குடித்ததால் வந்த கடுப்பு என்றால் இளநீரும் மோரும் தண்ணீரும் ஒரு நாளில் ஆற்றிவிடும். அப்படி ஆறவில்லை என்றால் சூடு என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. கிருமித் தொற்று, கல், சர்க்கரை, பால்வினை நோய் எல்லாவற்றிலும் எரிச்சல் வரலாம். பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். ஆண்களுக்குக் குழாய் நீளம் என்பதால் அவ்வளவு எளிதில் வராது. வந்தால் அதற்குப் பின்னால் ஓர் அடைப்போ கல்லோ சர்க்கரையோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

எரிச்சலோடு குளிர் காய்ச்சலும் நடுக்கமும், விரைப்பைக்குப் பின்னால் வலியும் இருந்தால் அது புராஸ்டேட்டில் ஏற்பட்ட தொற்றாகவோ சிறுநீரகம் வரை ஏறிய தொற்றாகவோ இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

போன முறை ஒரு மாத்திரை கேட்டது. அதையே இரண்டு நாளுக்குக் கொடுங்கள், போதும்.

கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் ஆன்டிபயாடிக் எரிச்சலைத் தணிக்கும், கிருமியை முழுதாகக் கொல்லாது. தப்பிய கிருமிகள் அடுத்த முறை அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். ஆண்களின் தொற்றுக்குப் பொதுவாக ஏழு நாளாவது மருந்து தேவைப்படும், புராஸ்டேட்டில் தொற்று என்றால் வாரக்கணக்கில். மருந்து தொடங்கும் முன்பு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வேளை மாத்திரை உள்ளே போய்விட்டாலும் பரிசோதனையில் கிருமி வளராமல் போகலாம். பிறகு மருத்துவர் குத்துமதிப்பாகத்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு முறை சிறுநீர் சிவப்பாக வந்தது. வலியே இல்லை. மறுநாள் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. நிறைய பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. வலியோடு வந்த இரத்தத்துக்கு ஓடுகிறார்கள். வலியில்லாமல் வந்து தானாக நின்ற இரத்தத்தைச் சூடு என்று மறந்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: வலியில்லாமல், ஒரு நாள் வந்து, சில மாதங்கள் காணாமல் போய், மீண்டும் வரும். அந்த இடைவெளியில் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். புகையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் நச்சுப்பொருள்கள் சிறுநீரில் வடிந்து பல மணி நேரம் பையில் தங்குகின்றன. சாயம், ரப்பர் தொழில்களில் பயன்பட்ட சில வேதிப்பொருள்களாலும் இந்தப் புற்றுநோய் வரும் என்பது நிரூபிக்கப்பட்டது. சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாச் சிவப்பும் இரத்தம் அல்ல. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்கும். பயப்பட வேண்டாம், மருந்தை நிறுத்தவும் கூடாது. ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே இரத்தமா இல்லையா என்று தெரிந்துவிடும். இரத்தம்தான் என்றால் ஸ்கேனும், சிறு கேமராவைக் குழாய் வழியே விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் தேவைப்படலாம். மரத்துப்போகும் ஜெல் தடவித்தான் செய்வார்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் சிலர், “அந்த மாத்திரையால்தான் வந்திருக்கும்” என்கிறார்கள். அப்படி முடிவு கட்டாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த கோளாற்றை அந்த மருந்து வெளியே காட்டியிருக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், பரிசோதனைக்குப் போங்கள். கட்டிக்கட்டியாக இரத்தம் வந்தால் அது குழாயை அடைத்துவிடும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையாதா?

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு வருவது கால்சியம் கல். அது எந்தச் சாற்றிலும் கரையாது. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தண்ணீர் குடித்தாலே தானாக வெளியேறிவிடும். பலர் அதைச் சாற்றின் பலனாக நினைக்கிறார்கள். வாழைத்தண்டைக் கறியாகவோ பொரியலாகவோ சாப்பிடுவதில் தவறில்லை. அதை நம்பி 12 மில்லிமீட்டர் கல்லோடு ஒரு வருடம் காத்திருப்பதுதான் தவறு. வலி இல்லாவிட்டாலும் அடைத்த சிறுநீரகம் மெல்லச் செயலிழக்கும். யூரிக் அமிலக் கல் மட்டும் மருத்துவர் தரும் மருந்தில் கரையக்கூடியது.

மறுபடி வராமல் தடுக்க, ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு நல்லது, ஆனால் உப்புப் போடாமல். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். பாலையும் தயிரையும் நிறுத்தாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால் கல் வரும் வாய்ப்புக் கூடத்தான் செய்யும்.

முதுகின் பக்கவாட்டிலிருந்து தொடை இடுக்குவரை இறங்கும் வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. அடைத்த சிறுநீரகத்தில் சீழ் பிடிக்கிறது என்று பொருளாக இருக்கலாம். வலி மாத்திரை வாங்க என்னிடம் வராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்பாவுக்குக் காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை. அடிவயிறு கல்லாக இருக்கிறது, துடிக்கிறார். நிறையத் தண்ணீர் கொடுக்கலாமா?

ஒரு சொட்டுகூட இனி கொடுக்காதீர்கள். பை நிரம்பி வழியில்லாமல் தவிக்கிறது. தண்ணீர் வலியைக் கூட்டும். 108ஐ அழைத்தோ ஆட்டோவிலோ எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் கொண்டுபோங்கள். டியூப் போட்டதும் சில நிமிடங்களில் அவர் முகம் மாறிவிடும்.

புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கு இப்படி அடைப்பதற்குச் சளி மாத்திரை ஒரு முக்கியக் காரணம். குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின், சூடோஎபிட்ரின் உள்ள மாத்திரைகளையும் இருமல் மருந்துகளையும் கடையில் வாங்கும்போது, “எனக்குச் சிறுநீர் வேகம் குறைவு” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மருந்தாளுநர் வேறு மருந்து தருவார். மலச்சிக்கல், மது, நீண்ட பயணத்தில் அடக்கிவைப்பது ஆகியவையும் அடைப்பைக் கொண்டுவரும்.

மாமாவுக்கு வலி எதுவும் இல்லை. ஆனால் சமீபமாகப் படுக்கையிலேயே போய்விடுகிறது. டயப்பர் கொடுங்கள்.

டயப்பர் தருகிறேன், ஆனால் இந்த வாரத்துக்குள் அவருக்கு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். முந்தைய கேள்வியில் வந்தது வலியுள்ள அடைப்பு. இது வலியில்லாத அடைப்பாக இருக்கலாம். மாதக்கணக்கில் பை மெல்ல மெல்ல விரிந்து உணர்ச்சியே மரத்துப்போய், நிரம்பி வழிவதுதான் படுக்கையை நனைக்கிறது. பார்ப்பவர்களுக்குச் சிறுநீர் அதிகமாகப் போவதாகத் தோன்றும். உண்மையில் உள்ளே லிட்டர் கணக்கில் தேங்கியிருக்கும். அந்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் பாதிக்கும். ஸ்கேனோடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். பசியின்மை, வாந்தி, கால் வீக்கம், தடுமாற்றமான பேச்சு இருந்தால் வாரம் வரை காத்திராமல் இன்றைக்கே போங்கள்.

முதியவரை ‘ஞாபகம் இல்லாமல் போய்விடுகிறார்’ என்று வீட்டில் கடிந்துகொள்வதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. டியூபும் சரியான சிகிச்சையும் கிடைத்தால் இவர்களில் பலர் உலர்ந்த படுக்கையில் தூங்க முடியும்.

பதினான்கு வயது மகன் விடியற்காலையில் எழுந்து விரை வலிக்கிறது என்கிறான். வாந்தியும் எடுத்தான். பள்ளி முடிந்து காட்டலாமா?

இப்போதே கிளம்புங்கள். விரை, தன்னைத் தாங்கும் கயிற்றிலேயே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த மணி நேரம் வலி தொடங்கியதிலிருந்து கணக்கு. வீட்டில் சொன்ன நேரத்திலிருந்து அல்ல. போகும் வழியில் எதையும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தர வேண்டியிருக்கும்.

இந்த வயதில் பையன்கள் வெட்கப்பட்டு “வயிறு வலிக்கிறது” என்று மட்டும் சொல்வார்கள். கிரிக்கெட்டில் பந்து பட்டது என்பார்கள். வயிற்று வலி, வாந்தி என்று சொல்லும் பையனிடம் அப்பாவோ அண்ணனோ தனியாக அழைத்து, கீழே வலிக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும்.

விரைப்பை ஒரு பக்கம் பெரிதாகிக்கொண்டே போகிறது. வலி இல்லை. இதற்கும் ஓட வேண்டுமா?

ஓட வேண்டாம், ஆனால் காட்டியே ஆக வேண்டும். நீர் கோத்த விரை வீக்கமாக இருக்கலாம்; யானைக்கால் நோய் பரவியிருந்த ஊர்களில் அந்தப் புழுவாலும் வரும். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும் இதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு பல வருடம் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். இருமினால் பெரிதாகி, படுத்தால் உள்ளே போனால் அது குடலிறக்கம். அது திடீரென்று உள்ளே போகாமல் சிக்கி வலித்தால் அவசரம்.

விரையிலேயே கெட்டியாக, வலியில்லாமல் ஒரு கட்டி தட்டுப்பட்டால் இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள். விரைப் புற்றுநோய் 15 முதல் 40 வயது வரையுள்ளவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சீக்கிரம் கண்டால் ஏறக்குறைய முழுதாகக் குணமாகிற புற்றுநோய் அது. கைக்குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விரை பைக்குள் இறங்கவில்லை என்றால் அப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை இருக்கிறது. நுனித்தோல் வெடித்து எரிகிறது, பின்னால் இழுக்க முடியவில்லை.

சர்க்கரை அதிகமான சிறுநீர் தோலில் பட்டுப் பூஞ்சை வளர்கிறது. வெடிப்பு ஆறும்போது தோல் சுருங்குகிறது. க்ரீம் தடவினால் தற்காலிகமாக ஆறும். சர்க்கரை குறையாமல் மறுபடி வரும். சிலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தொற்று அதிகம் வரும். மாத்திரையை நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் தண்ணீரால் கழுவித் துடைத்து உலர வையுங்கள்.

வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். பின்னால் போன தோல் முன்னால் வராமல் இறுகிக்கொண்டு நுனி வீங்கினால், அது சில மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டிய அவசரம்.

சிறுநீரோடு வெள்ளையாகப் போகிறது. தாது போய்க்கொண்டிருக்கிறதா? தூக்கத்திலும் வெளியேறுகிறது, உடம்பு இளைத்துவிட்டது.

தம்பி, தூக்கத்தில் விந்து வெளியேறுவது உடலின் இயல்பு. அதனால் உடம்பு இளைக்காது, பலம் குறையாது, நரம்பு தளராது. விந்து தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. சிறுநீர் சில நேரம் கலங்கலாகத் தெரிவதற்கு அதில் உள்ள பாஸ்பேட் உப்பு பெரும்பாலும் காரணம். மலச்சிக்கலில் முக்கும்போது கொஞ்சம் சுரப்பு நீர் வரும், அதுவும் நோயல்ல. பால் நிறத்திலேயே தொடர்ந்து போனால் மட்டும் பரிசோதனை வேண்டும். யானைக்கால் புழு நிணநீர்க் குழாய்களைப் பாதிப்பதால் அப்படி வருவதுண்டு.

உண்மையில் உடம்பு இளைத்திருந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் பாருங்கள். தூக்கமும் பசியும் போயிருந்தால் அது மனக்கவலையாக இருக்கலாம். அதற்கும் மருத்துவம் உண்டு. சுவரொட்டி விளம்பரத்தில் வரும் லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். அந்தப் பயம் இருக்கும்வரைதான் அவர்களுடைய வியாபாரம்.

விறைப்புச் சரியாக வருவதில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு மாத்திரை கொடுங்கள்.

நெஞ்சு வலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் சில்டெனாஃபில் போட்டால் இரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்து உயிர் போகலாம். அதனால்தான் சீட்டு இல்லாமல் தருவதில்லை. முந்தைய பதிலில் சொன்ன லேகியம், சூரண வகைகளிலும் இதே மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. மூலிகைதானே என்று இதய நோயாளிகள் அதைத் தொடக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணுறுப்புக்குப் போகும் இரத்தக் குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது. அடைப்பு அங்கே முதலில் தெரியும். நாற்பது, ஐம்பது வயதில் புதிதாக வந்த விறைப்புக் குறைவு, சில வருடங்களில் வரவிருக்கும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், இதயம் நான்கையும் பரிசோதித்த பிறகு மருத்துவர் எழுதித் தந்தால் நானே மாத்திரையை உறையில் போட்டுத் தருகிறேன். மாத்திரையால் நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உறவுக்குப் பிறகு சீழ் மாதிரி வருகிறது. மனைவியிடம் சொல்ல முடியாது.

அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். விவரம் வெளியே போகாது. அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசம். ஆனால் மனைவிக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுக்காவிட்டால் தொற்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், அவருக்குக் கருப்பைவரை பாதிப்பு வரலாம். எப்படிச் சொல்வது என்பதற்கு அங்கிருக்கும் ஆலோசகர் துணை நிற்பார். குணமாகும்வரை உறவு வேண்டாம்.

பி.எஸ்.ஏ. 6 என்று வந்திருக்கிறது. புற்றுநோயா? இரவெல்லாம் தூக்கமில்லை.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை. அந்த எண்ணை வைத்து மட்டும் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. வழக்கமாக 4 வரை இயல்பு என்பார்கள். வயது கூடக் கூட அதுவும் கொஞ்சம் கூடும். சுரப்பி பெரிதாக இருந்தாலும், தொற்று இருந்தாலும், டியூப் போட்டிருந்தாலும், முந்தைய ஓரிரு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும் எண் ஏறும். தொற்று இருந்தால் அது குணமாகிச் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் உயர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து தெரியும். 3 என்று வந்தால் உண்மையில் 6 போலக் கணக்கில் கொள்ள வேண்டும். பரிசோதனைக்கூடத் தாளில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாமல், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சோதிப்பதற்கும் மறுக்காதீர்கள். அரை நிமிட வேலை, பி.எஸ்.ஏ. இயல்பாக இருக்கும் சிலரிடமும் கெட்டியான கட்டியை விரல் கண்டுபிடித்துவிடும். ஆரம்பகாலப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறிகுறியே இருக்காது. முதியவருக்குப் புதிதாக வந்து விடாமல் வலிக்கும் முதுகெலும்பு வலியைக்கூடச் சில நேரம் இதற்காகப் பார்ப்பார்கள்.

புராஸ்டேட் மாத்திரை வாழ்நாள் முழுக்கவா? போட்டால் தலை சுற்றுகிறது.

டாம்சுலோசின் சுரப்பியின் தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே வேகம் கூடும், நிறுத்தினால் பழையபடி ஆகும். தினமும் ஒரே வேளை உணவுக்குப் பிறகு சாப்பிடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலைசுற்றல் குறையும். விந்து குறைவாக வரலாம், கெடுதல் இல்லை. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், இதைச் சாப்பிடுவதையோ முன்பு சாப்பிட்டதையோ கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சையின்போது கண்பாவையைச் சுற்றியுள்ள திரை தளர்ந்து சிக்கல் தரலாம்.

ஃபினாஸ்டெரைடு வகை சுரப்பியையே சுருக்குவது. பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், அதற்குள் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு ஆசை குறையலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் கையால் தொட வேண்டாம்.

ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடுமாமே? செலவும் பயமாக இருக்கிறது.

குழாய் வழியாகக் கருவியை விட்டு, அடைக்கும் சதையை மட்டும் சீவி எடுப்பார்கள், அல்லது லேசரால் எடுப்பார்கள். வெளியே தழும்பு இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு விறைப்பு முன்பு இருந்தபடியே இருக்கும். பெரும்பாலும் மாறுவது ஒன்றுதான்: உறவின்போது விந்து வெளியே வராமல் பைக்குள் போய்ப் பிறகு சிறுநீரோடு வெளியேறும். உடலுக்குக் கெடுதல் இல்லை. இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள் மட்டும் முன்கூட்டியே பேச வேண்டும். இரத்தம் கொஞ்சம் வருவதும் எரிச்சலும் சில வாரம் இருக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யூராலஜி பிரிவு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். நெஃப்ராலஜி என்று எழுதியிருக்கும் அறைக்குப் போய்க் காத்திருக்காதீர்கள். அது சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் பார்க்கும் பிரிவு. குழாய், பை, புராஸ்டேட், கல், விரை எல்லாம் யூராலஜி.

அப்பாவுக்கு அடைத்து டியூப் போட்டார்கள். எடுத்தால் மறுபடி அடைக்குமோ என்று எடுக்கவே விடமாட்டேன் என்கிறார்.

அவர் பயம் நியாயமானது. அந்த வலி யாருக்கும் மறக்காது. ஆனால் டியூப் நாளாக நாளாகத் தொற்றையும் கல்லையும் கொண்டுவரும். வழக்கமாக டாம்சுலோசின் தொடங்கிச் சில நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். பலருக்குத் தானாகவே போகத் தொடங்கும். காலையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பகல் முழுதும் கவனிக்கலாம், அடைத்தால் மருத்துவமனை திறந்திருக்கும். முதல் நாள் மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கட்டும். ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் வேண்டாம். ஒவ்வொரு முறையும் முன்பு சொன்ன கோடு போட்ட குவளையில் அளந்து எழுதுங்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றாலோ, ஐம்பது மில்லி ஐம்பது மில்லியாக வந்து அடிவயிறு கனத்தாலோ மாலைவரை பொறுக்காமல் திரும்பப் போய்விடுங்கள்.